அச்சிமுகம்மதுக்குச் சொந்தமான வீடுகள்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையில் தென்னைகளை முறித்தது, கூரைகளைப் பிடுங்கியது, கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகங்களுக்குள் புகுந்து காகிதங்களை நனைத்தது. தென்னை போனவனுக்குக் கன்று கொடுத்தார்கள். கூரை போனவனுக்குத் தகரம் கொடுத்தார்கள். காகிதம் போனவனுக்கு ஒரு கந்தோரையே கொடுத்தார்கள். அதற்கு 'அழிவுற்ற காணி ஆவணங்களை மீளுறுதிப்படுத்தும் விசேட பிரிவு' என்று பெயர். கல்முனையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் அது இயங்கியது. இயங்குகிறது என்று பலகையில் எழுதியிருந்தபடியால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கந்தோரிடம் இருந்த ஒரே புத்தகம், ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி எழுதிய நில அளவை இடாப்பு. மற்ற எல்லாப் பதிவேடுகளும் கூழாகிப் போக இது மட்டும் தப்பியது. காரணம், பல வருடங்களாக ஒரு மேசையின் ஆட்டத்தை நிறுத்த அதைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். சூறாவளியில் மேசை சரிந்து அதன்மேல் விழுந்து கூடாரம்போல மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த இடாப்புக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு. மேசை மட்டும் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது.

மருதமுனை ஸைனுலாப்தீன் அந்தக் கந்தோரின் படியேறியது எழுபத்தொன்பது மாசியில். கைத்தறிக்காரர். சாரன் நெய்வார், சண்டைக்குப் போகமாட்டார். மூத்த மகள் ஹாஜறாவுக்கு நிந்தவூர் சீனிமுகம்மதுவின் மகன் அப்துல் ஸமட்டைப் பேசி முடித்திருந்தார். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து ஏறுவான். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்கள் அதற்குள் வந்து போகிறவர்கள். ஆகவே வீட்டை ஹாஜறாவின் பெயருக்கு எழுதி உறுதிப் பத்திரத்தைக் கையில் தந்தால்தான் நிக்காஹ் என்று சீனிமுகம்மது சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. பழைய உறுதி சுஹறாவின் தகரப் பெட்டிக்குள் இருந்தது. சுஹறா ஸைனுலாப்தீனின் மனைவி. சூறாவளி அன்று பெட்டிக்குள் கடல் வந்து போயிருந்தது.

கந்தோரில் உதவிப் பதிவதிகாரியாக இருந்தவர் நல்லரெத்தினம். காரைதீவுக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் எதையும் வாசிப்பார். முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்து வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்.

"வீடு ஆருடையது?"

"எங்கட பொஞ்சாதிட வீடு சேர். அவட உம்மா குடுத்த. உம்மாக்கு அவட உம்மா குடுத்த."

"பொம்புளயள்ட பேர் எனக்கு வேணாம் காக்கா. இடாப்புல இந்த வீட்டு வளவு அச்சிமுகம்மது எண்டவர்ட பேர்ல இரிக்கி."

அச்சிமுகம்மது சுஹறாவின் தாயைப் பெற்றவர். சுஹறா பிறக்குமுன்பே மௌத்தாகிப் போனவர். நன்றாகப் பாட்டுப் படிப்பார் என்பதைத் தவிர வீட்டில் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

"அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர் சேர். அவருக்கு ஒரு ஓலைகூட சொந்தமில்ல."

"வந்தவரோ போனவரோ, சர்வேயர் வந்த அண்டு வாசல்ல நிண்டிரிக்கார். நிண்டவர்ட பேர் எழுதுப்பட்டிரிக்கி."

ஸைனுலாப்தீன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சேரும் நம்மட பக்கம்தானே. சேரும் பொஞ்சாதிட வீட்டிலதானே இரிக்கிற."

நல்லரெத்தினம் கோபப்படவில்லை. "ஓம். பொஞ்சாதிட வீட்டிலதான் இரிக்கன். அவ சத்தம் போட்டா படலையத் திறந்து வெளிய போறதும் நான்தான். ஆனா அது நல்லரெத்தினத்துட விஷயம். இந்தக் கதிரையில இரிக்கிறது உதவிப் பதிவதிகாரி. அவருக்கு இந்த ஊர் வழக்கம் ஒண்டும் தெரியாது. தெரியக்கூடாது எண்டுதான் சம்பளம் தாறாங்க."

பிறகு ஏழாம் இலக்கப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். காலஞ்சென்ற உரிமையாளரின் வாரிசுகள் எல்லாரும் ஒப்பமிட்டால்தான் வீட்டை மாற்ற முடியும். வாரிசுகளை அறிய மனைவிமாரை அறிய வேண்டும். 'மணங்களின் எண்ணிக்கை' என்ற இடத்தில் ஸைனுலாப்தீன் 'ஒன்று' என்று எழுதினார்.

"ஒண்டுதான் எண்டதுக்கு அத்தாட்சி?"

"இல்லாத கலியாணத்துக்கு எப்பிடி சேர் அத்தாட்சி எடுக்கிற?"

"இல்லாததுக்குத்தான் அத்தாட்சி தேவை. இரிக்கிறது எப்பிடியும் வெளிய வந்திரும்," என்றார் நல்லரெத்தினம். சுற்றியுள்ள ஊர் ஒவ்வொன்றிலும் பள்ளிவாசலின் கலியாணப் பதிவான காவின் கொப்பியைப் பார்த்து, 'இவர் இங்கு மணம் முடிக்கவில்லை' என்று கடிதம் வாங்கி வர வேண்டும்.

அடுத்த வெள்ளி சாய்ந்தமருது. ஜும்ஆ முடிந்த பிறகு பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் கொப்பியைத் திறந்து, இரண்டு பக்கம் புரட்டி, விரலை வைத்தார். அச்சிமுகம்மது, ஊர் காத்தான்குடி, தகப்பன் பெயர் இடாப்பில் உள்ளதேதான், ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பது. அந்த மனைவியின் பேத்தியை முடித்திருந்த அபூசாலி கரைவலை இழுக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் ஸைனுலாப்தீனைக் கட்டிப்பிடித்து, மச்சான் என்று கூப்பிட்டு, பாரை பொரித்துச் சோறு கொடுத்தார். சோறு முடிந்து கை கழுவும்போது கேட்டார்.

"மச்சான், உங்கட வீடு அவர்ட பேர்ல இரிக்கி எண்டா எங்கட வீடு ஆர்ட பேர்ல இரிக்கும்?"

ஸைனுலாப்தீனுக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போய் இடாப்பைப் பார்த்தார்கள். அபூசாலியின் மனைவியும் அவள் தாயும் பிள்ளைகளும் இருந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் அச்சிமுகம்மதுதான்.

"படிவத்துல இரண்டு எண்டு திருத்துங்க காக்கா," என்றார் நல்லரெத்தினம். "திருத்தினதுக்குப் பக்கத்தில ஒப்பம் வைங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுஹறா நம்பவில்லை. மூத்தம்மா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. "எங்கட மூத்தம்மா ஒராள்தான் அவருக்கு. அது வேற ஆரோ அச்சிமுகம்மது." அக்கரைப்பற்றில் மூன்றாவது வெளிவந்தபோது நம்பினாள், ஆனால் அன்று முழுவதும் ஸைனுலாப்தீனோடு கதைக்கவில்லை. ஆண்கள் எல்லாரும் ஒரு சாதி என்று அடுப்போடு சொல்லிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் ஒரே தறியில் குந்தியிருந்த மனுசன் அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றார்.

அக்கரைப்பற்று மனைவியின் பேத்தி சபூறா தையல்காரி. காவின் கொப்பியின் பிரதியை மெஷினில் வைத்து வாசித்துவிட்டு, "எங்கட மூத்தம்மாவத்தான் அவர் முதல்ல முடிச்ச. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகு," என்றாள்.

"தேதி ஆயிரத்தித் தொளாயிரத்திப் பத்து எண்டு இரிக்கே ராத்தா."

"எழுதினவன் பிழையா எழுதியிருப்பான்," என்றாள் சபூறா. அவளுக்கும் கலியாண வயதில் மகள் இருந்தாள். அவள் வீடும் அவர் பெயரில்தான் இருந்தது.

இறக்காமத்தில் மட்டும் அச்சிமுகம்மது மணம் முடித்திருக்கவில்லை. பள்ளி மரைக்கார் மூன்று கொப்பிகளைத் தேடிப் பார்த்து, கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் கடிதம் எழுதித் தந்தார். ஸைனுலாப்தீன் அதை மடிக்காமல், சாரன் துணிக்கு நடுவில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தார். அவர் எடுத்த முதல் இல்லாமைக் கடிதம் அது. நிந்தவூருக்கு மட்டும், சம்பந்தி வீட்டாருக்கு வெட்கப்பட்டு, அவர் இன்னும் போகவில்லை. நல்லரெத்தினம் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"போன ஊரிலெல்லாம் முடிச்சவர் அங்க மட்டும் ஏன் முடிக்கல்ல?"

"எனக்கெப்பிடித் தெரியும் சேர்? ஆனை வாற ஊர். பயந்திருப்பார்."

"இந்தக் கடிதத்தில எனக்குச் சந்தேகம் இரிக்கி," என்று அதைக் காகிதக் கோவைக்குள் போட்டார். கோவை இப்போது ஒரு கையால் தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது. அதில் ஒரே ஒரு விடயம் மட்டும் இல்லை. அது ஹாஜறாவின் பெயர்.

இப்படியே மூன்று போகம் வெட்டியாயிற்று. ஒவ்வொரு போக முடிவிலும் சீனிமுகம்மது வந்து, தேத்தண்ணி குடித்து, "உறுதி எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்றாம் தடவை தேத்தண்ணி குடிக்கவில்லை. ஹாஜறா தனக்கென்று பூத்தைத்த தலையணை உறைகளை மறுபடி துவைத்துக் காயப் போட்டாள். ஸைனுலாப்தீன் தறியில் இழை எண்ணும்போது பிழை விட ஆரம்பித்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. தான் செய்யாத ஒரு குற்றத்துக்காக, தான் பார்த்தேயிராத ஒரு மனிதனுக்காக, இந்தப் பிள்ளை பழைய துணிபோல வீட்டில் கிடக்கிறதே என்று சுபஹுத் தொழுகையில் அழுதிருக்கிறார்.

எண்பதாம் ஆண்டு ஆவணியில் ஒருநாள், நல்லரெத்தினம் சாப்பிடப் போயிருந்தபோது இடாப்பு மேசையில் திறந்தபடி கிடந்தது. ஸைனுலாப்தீன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தலைகீழாகவே அதன் கடைசிப் பக்கத்தை வாசித்தார். அளவை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது. முதலில் சர்வேயர். அதற்குக் கீழே சமையற்காரர். அதற்கும் கீழே, 'அளவுச் சங்கிலி பிடித்தவர், அச்சிமுகம்மது, காத்தான்குடி.'

அவர் அந்த வரியை மறுபடி வாசித்தார். எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அளவைக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பருவம் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார்கள். சங்கிலி பிடிக்கிற ஆள் அந்தந்த ஊரில் ஒரு நிக்காஹ் செய்து அந்த வீட்டில் ஏறியிருக்கிறான். வெள்ளைக்காரனுக்குப் பாஷை தெரியாது. இந்த வளவு யாருடையது என்று சங்கிலிக்காரனைக் கேட்டிருக்கிறான். சங்கிலிக்காரன் மற்ற எல்லா வீட்டுக்கும் உள்ளதைச் சொல்லிவிட்டு, தான் சோறு தின்கிற வீட்டுக்கு மட்டும் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். கூடாரம் அடுத்த ஊருக்கு நகர்ந்ததும் அவனும் நகர்ந்திருக்கிறான்.

நல்லரெத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததும் ஸைனுலாப்தீன் அந்த வரியைக் காட்டினார். அவர் அவ்வளவு கதைத்ததை அந்தக் கந்தோர் அதுவரை கேட்டதில்லை. "கண்டயளா சேர். அளக்க வந்தவன் தன்ட பேரயே சொல்லியிரிக்கான். இது முழுப் பொய். இத வெட்டி விடுங்க."

நல்லரெத்தினம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டார். அது மிக அபூர்வம்.

"காக்கா, நீங்க பெரிய உதவி செஞ்சிருக்கயள். இவ்வளவு நாளும் இந்த இடாப்பு சரியோ பிழையோ எண்டு எனக்குள்ள ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. இப்ப தீந்திட்டு. சொந்தக்காரரே சங்கிலி புடிச்சு அளந்த காணி வேற எங்க இரிக்கி? எல்லையத் தன்ட கையால தொட்டவர். இதுக்கு மேல ஒரு அத்தாட்சி அரசாங்கத்துக்குத் தேவையில்ல."

"அப்ப பொய் சொன்னவனுக்கா வீடு?"

"பொய்யோ மெய்யோ சொன்னவர் பாடு. எழுதினது எங்கட பாடு. நாங்க எழுதினதப் பொய் எண்டு சொல்லத் தொடங்கினா, இந்தக் கந்தோரில எதை வச்சு வேலை செய்யிற?"

அடுத்த கிழமை சீனிமுகம்மதுவே கந்தோருக்கு வந்தார். ஸைனுலாப்தீன் தன்னை ஏய்க்கிறார் என்று அவருக்கு ஒரு எண்ணம். வேலிகளுக்குக் கம்பி கட்டுவது அவர் தொழில், குரல் பெரிது. "ஒரு உறுதி எழுத ரெண்டு வருஷமா? நான் கேக்கிறன், என்ன கரைச்சல் இதில?" என்று மேசையில் கை வைத்தார். மேசை ஆடியது.

"நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார் நல்லரெத்தினம்.

"நிந்தவூர்."

நல்லரெத்தினம் இடாப்பில் நிந்தவூர்ப் பக்கத்தைத் திறந்தார். சீனிமுகம்மதுவின் மனைவியுடைய வளவின் எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வடக்கே வாய்க்கால், கிழக்கே பள்ளி ஒழுங்கை. சீனிமுகம்மது தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். சொந்தக்காரர் பெயரை வாசித்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டு மர வாங்கில் குந்திவிட்டார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மனைவி வழியில் மூத்தம்மா ஒருத்தியைப் பாட்டுப் படிக்கிற ஒருவர் முடித்துவிட்டுப் போனார் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது அவர் ஸைனுலாப்தீனின் கையைப் பிடித்தார். "மச்சான், உங்கட பொஞ்சாதியும் எங்கட பொஞ்சாதியும் ஒரு மனுசன்ட பேத்தியள். இந்த உறுதி நம்மட மௌத்துக்கு முந்தி வராது. புள்ளயள முடிச்சு வைப்பம். வாற பெருநாளைக்குப் பிறகு நாள் வையுங்க."

ஹாஜறாவின் நிக்காஹ் எண்பத்தொன்றில் நடந்தது. அப்துல் ஸமட் ஒரு பெட்டியோடு வந்து ஏறினான். கல்முனையில் ஒரு துணிக்கடையில் சாரன் அளந்து வெட்டுகிற வேலை. சிரித்த முகம், யார் எதைக் கேட்டாலும் ஓம் என்கிற நாக்கு. மாமி தண்ணீர் தூக்கினால் வாளியைப் பறித்துக்கொள்வான். சுஹறாவுக்கு அவனை நிரம்பப் பிடித்துவிட்டது. ஸைனுலாப்தீனுக்குத் தறியில் இழைப் பிழை நின்றது. அவர் கந்தோரையே மறந்துபோயிருந்தார்.

கந்தோர் அவரை மறக்கவில்லை. நிக்காஹ் முடிந்த நாற்பதாம் நாள், ஏழாம் படிவத்தின் கீழ் தளப் பரிசோதனைக்காக நல்லரெத்தினம் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் இடாப்பு, கோவை, நீளமான அளவு நாடா. கூட வர வேண்டிய பியோனுக்குக் காய்ச்சல்.

"இத ஆராவது ஒரு நுனியப் புடிங்க," என்றார்.

அப்துல் ஸமட் ஓடி வந்து பிடித்தான். பின்னேரம் கடைக்குப் போகாத நாள் அது. பெனியனும் சாரனும். வடக்கு வேலி, தெற்கு வேலி, கிணற்றடி என்று அவர் சொன்ன இடமெல்லாம் ஓடி நுனியை வைத்தான். துணி அளந்த கை, நாடா ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. நல்லரெத்தினத்துக்கு நல்ல சந்தோஷம். ஸைனுலாப்தீன் தறியடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ பார்த்த ஒன்றைப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

நல்லரெத்தினம் படிவத்தைத் திறந்து பேனாவை உதறினார். "இஞ்ச இப்ப இரிக்கிறவர்ட பேர் வேணும். தம்பி, உங்கட பேர் என்ன?"

"அப்துல் ஸமட் சேர். நான் வந்து நாப்பது நாள்தான்."

"அது காணும். அச்சிமுகம்மது இருவது நாளில சொந்தக்காரர் ஆன ஆள்." அவர் எழுத ஆரம்பித்தார்.

"சேர், அவர்ட பேர எழுதாதீங்க," என்று ஸைனுலாப்தீன் எழுந்து வருவதற்குள் நல்லரெத்தினம் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார்.

"தம்பி, நல்லா டேப் புடிக்கிறயள். நாளைக்கு சாய்ந்தமருதில அளக்கிற. பிறகு நிந்தவூர், அக்கரைப்பற்று. பியோனுக்கு எப்ப சுகம் வரும் எண்டு தெரியா. கூட வாறயளா? அங்கங்க தங்கித்தான் செய்யணும்."

"ஓம் சேர்," என்றான் அப்துல் ஸமட். அவனுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

சுஹறாவின் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். வெளி ஆண்களுக்கு முன்னால் அவள் அப்படி வந்ததில்லை. நேரே போய்ப் புருஷனின் கையிலிருந்து நாடாவின் நுனியை வாங்கித் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"சேர், சங்கிலி புடிச்சவர்தான் சொந்தக்காரர் எண்டு நீங்கதானே வாப்பாட்டச் சொன்ன. இப்ப புடிச்சிரிக்கிறது நான். என்ட பேர் ஹாஜறா. எழுதுங்க."

நல்லரெத்தினம் பேனாவைத் தூக்கியபடி நின்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். ஏழாம் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கோவையிலிருந்த சுற்றறிக்கைகளைப் புரட்டினார். ஒரு பெண் நாடா பிடித்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்கும் இல்லை.

"இது புது விஷயம்," என்றார் கடைசியில். குரலில் மரியாதை இருந்தது. "கொழும்புக்கு எழுதிக் கேக்கணும். பதில் வருமட்டும் அளவு அப்பிடியே இரிக்கட்டும். நீங்க விட்டுடாதீங்க தங்கச்சி. விட்டா முதல்ல புடிச்சவர்ட பேரத்தான் நான் எழுதவேண்டி வரும்."

நாடாவின் மறு நுனியைக் கிணற்றடித் தென்னையில் கட்டிவிட்டு, கோவையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அசர் போயிற்று. மஃரிபுக்கு வாங்கு சொன்னார்கள். அப்துல் ஸமட் ஒரு கதிரையைக் கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றான். சுஹறா பீங்கானில் சோற்றைக் குழைத்து வந்து மகளுக்கு ஊட்டினாள். ஹாஜறா மென்றாள், விழுங்கினாள், நாடாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

ஸைனுலாப்தீனால் அதைப் பார்க்க முடியவில்லை. கிட்டப் போய் அவள் தோளைத் தொட்டார்.

"விடு மகள். கை வலிக்கும். கொழும்பில இருந்து எப்ப பதில் வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஹாஜறா பக்கத்தில் நின்ற புருஷனை ஒருதரம் பார்த்தாள். அவன் உதவி செய்வதற்காகக் கையை நீட்டியபடி நின்றான்.

"விட்டா இவர் புடிப்பார் வாப்பா."